ஏழாம் படிக்குக் கீழே

கரமனை,
24-7-1955

அன்புள்ள எலிசா,

உன் கடிதம் வைகாசியில் வந்தது. இப்போது ஆடி. இரண்டு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறவளை நீ எப்படித் திட்டுவாய் என்று எனக்குத் தெரியும். காலேஜில் திட்டின அதே வார்த்தைகளை இந்த இடத்தில் போட்டு நிரப்பிக்கொண்டு மேலே படி.

நடுவில் கோமுவுக்கு ஒன்பது நாள் ஜுரம். விட்டு மூன்று வாரம் ஆகிறது, ஆனாலும் நான் தெர்மாமீட்டரை இன்னும் உறையில் போடவில்லை. காலையில் ஒரு தடவை, விளக்கேற்றும்போது ஒரு தடவை வைத்துப் பார்க்கிறேன். "ஜுரம் இருக்கான்னு பாக்கறயா, ஏன் இல்லைன்னு பாக்கறயா?" என்று இவர் கேட்கிறார். இவர் வேலை பார்க்கும் செக்ரடேரியட்டில் ஃபைலுக்கு ஜுரம் வந்தால் நாலு மாதம் கிடக்கும், ஒருவரும் தொட மாட்டார்கள். குழந்தை அப்படியா? மூன்று வயசும் நாலு மாதமும் ஆகிறது. வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறேன். பி.ஏ. படித்தவள் இப்படியா என்று நீ சிரிப்பாய். இன்டர்மீடியட்டில் பாட்டனி வகுப்பில் பூவுக்கு எத்தனை இதழ் என்று சொல்லிக்கொடுத்தார்களே தவிர, குழந்தை இருமினால் என்ன அர்த்தம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டு மூன்றாம் தேதி ஆடிப் பதினெட்டு. நீ ஹாஸ்டலில் இருந்தபோது எத்தனை தடவை கேட்டாய், "உங்க ஆத்துத் திருவிழாவை எப்போ காட்டுவே?" என்று. அப்போது நான் மாமா வீட்டில் இருந்து படித்தவள், ஒருவரையும் அழைக்க முடியாது. இப்போது எனக்கென்று ஒரு வீடு, அதுவும் ஆற்றுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில். நீ லீவு போட்டுக்கொண்டு வர வேண்டும். நாகர்கோவில் பஸ் எங்கள் பாலத்தைத் தாண்டித்தானே நகரத்துக்குள் போகிறது. பாலம் முடிந்ததும் இறங்கிவிடு.

ஆறு இப்போது பார்க்க வேண்டும். மழைத் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கி, கல்பாலத்தின் வளைவுகளில் பாதி உயரம் ஏறியிருக்கிறது. அந்தப் பாலத்துக்கு நூறு வயசுக்கு மேல் ஆச்சு என்று மாமனார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். இவர்களுடைய முன்னோர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ராஜா காலத்தில் வந்தவர்கள். வந்த இடத்தில் காவேரி இல்லை. அதற்கென்ன, கரமனையாற்றையே காவேரி என்று வைத்துக்கொண்டு, நாலு தலைமுறையாக இதற்கே காதோலையும் கருகமணியும் மஞ்சளும் போட்டு மசக்கை கொண்டாடுகிறார்கள். ஆவணி அவிட்டத்துக்கு ஆண்கள் கூட்டம், நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து வரும் சாமிகள், தை அமாவாசைக்குத் தர்ப்பணம் என்று வருஷம் முழுக்க இந்தக் கரைக்கு ஓய்வில்லை. ஆடிப் பதினெட்டு மட்டும் பெண்களுடையது. நாலு வகைச் சாதம், வடாம் எல்லாம் கூடையில் எடுத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையிலேயே சாப்பாடு. கோமுவுக்கு மாமனார் மரச் சக்கரம் வைத்து ஒரு குட்டிச் சப்பரம் செய்திருக்கிறார். தஞ்சாவூர்க் குழந்தைகள் அன்றைக்குச் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்களாம். இந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் அது கிடையாது. அதனால் கோமுவுக்கு ஏகப்பட்ட கர்வம்.

ஒரே ஒரு விஷயம். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். எங்கள் கடவில், அதுதான் படித்துறையில், மேலிருந்து ஏழாவது படி அகலமானது, பக்கத்தில் அரசமரம் உண்டு. அதற்குக் கீழே மாமியாரும் தெருப் பெண்டுகளும் முழுகிவிட்டு ஈரப் புடவையோடு மடியாக நிற்பார்கள். யார் மேலே பட்டாலும் மடி போச்சு, திரும்ப முழுக வேண்டும். நான் பெற்ற கோமு தொட்டாலும் அப்படித்தான். இதில் உனக்கென்று தனியாக ஒன்றுமில்லை. மாமியார் உன்னைப் பற்றி இதுவரை எதுவும் சொல்லவில்லை. சொல்லும்படி வைத்துக்கொள்வானேன் என்றுதான் நானே முன்கூட்டி எழுதுகிறேன். நீ அந்த ஏழாம் படியிலேயே நின்றுகொள், என்ன வந்தாலும் கீழே இறங்காதே. அங்கிருந்து பார்த்தால் ஆறு முழுக்கத் தெரியும். கோமுவையும் உன்னிடம் கொடுத்துவிடுகிறேன். உன் கையில் இருந்தால் நான் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுவேன்.

தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்ற தைரியத்தில்,
உன் சீதாலக்ஷ்மி

*

குழித்துறை,
28-7-1955

பிரியமுள்ள சீதைக்கு,

எடி, கடிதத்தைப் பிரித்ததும் முதலில் தேதியைப் பார்த்தேன். வருஷம் சரியாக இருந்தது. உன்னைப் பொறுத்தவரை அதுவே பெரிய காரியம்.

வருகிறேன். ஹெட்மிஸ்ட்ரஸிடம் லீவு கேட்டாயிற்று. "என்ன விசேஷம்?" என்றார்கள். "ஆறு கர்ப்பமாக இருக்கிறது, பார்க்கப் போகிறேன்" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

எங்கள் ஊரிலும் இப்போதுதான் வாவுபலி முடிந்தது. ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் பலி போட வந்த கூட்டம் ஒரு பக்கம், பொருட்காட்சியில் ராட்சசச் சேனைக்கிழங்கையும் வாழைக்குலையையும் பார்க்க வந்த கூட்டம் ஒரு பக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை நான் கட்டி மேய்த்தேன். எண்ணி எண்ணியே நாக்கு வறண்டுவிட்டது. நாற்பதும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். ஒரு கோமு எனக்கு எம்மாத்திரம்?

மடி விஷயத்துக்கு இவ்வளவு வளைத்து எழுதியிருக்க வேண்டாம். நான் இதெல்லாம் அறியாதவளா? எங்கள் சபையிலேயே யார் எந்த பெஞ்சில் உட்காரலாம் என்று கண்ணால் சொல்லுகிறவர்கள் உண்டு. படித்ததும் சின்னதாக ஒரு முள் தைத்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் உன் முகத்தை நினைத்தேன், அது போய்விட்டது. ஏழாம் படி. என்ன வந்தாலும் இறங்க மாட்டேன். போதுமா?

பிறந்தது முதல் ஆற்றில் நீந்தி வளர்ந்தவளை அரசமரத்தடியில் கட்டிப்போடுகிறாயே, அதுதான் பாவம்.

அம்மா கருப்பட்டி கட்டி வைத்திருக்கிறாள். "வெறுங்கையோட போவாதட்டி, அவ ஐயரு வீட்டுப் பிள்ளை. கருப்பட்டி எடுப்பாவளா, கேட்டு எழுது" என்றாள். கேட்டு எழுதினால் நீ அடுத்த ஆடிக்குத்தான் பதில் போடுவாய். அதனால் கேட்காமலே கொண்டுவருகிறேன்.

உன்,
எலிசாள்

*

கரமனை,
6-8-1955

எலிசாளுக்கு,

கோமுவுக்கு இப்போது ஜுரம் இல்லை. மார்பில் சளி கட்டவில்லை என்று டாக்டர் இன்று காலையில் சொன்னார். இரண்டு நாள் வாயே திறக்காமல் இருந்தாள். நேற்றுச் சாயங்காலம் "அம்மா, சப்பரம்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அந்தச் சப்பரம் இப்போது திருவல்லத்தைத் தாண்டிக் கடலுக்குப் போயிருக்கும்.

நான் அன்று உன்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசும் நிலையிலும் இல்லை. இப்போது கேட்கிறேன். சப்பரம் படியில் உருண்டது. கோமு உன் கையை உதறிக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். இது வரைக்கும் யார் கையிலிருந்தாலும் நடக்கக்கூடியது. அதற்குப் பிறகு பன்னிரண்டு படி இருக்கிறது, எலிசா. மூன்று வயசுக் குழந்தை ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறாள். நீ நின்ற இடத்திலேயே நின்று "பிடிங்க, பிடிங்க" என்று கூப்பிட்டாயாம். மழையாற்றுச் சத்தத்தில், பாட்டுச் சத்தத்தில், முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்?

நாலு வீட்டுத் துணி வெளுக்கிற அம்மிணி கீழ்க் கல்லில் இல்லாமலிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் பாய்ந்து, தண்ணீரில் விழுந்த கோமுவின் பாவாடை நுனியைப் பிடித்தாள். அவளுக்குச் சரியாக நீந்தக்கூடத் தெரியாது. உனக்குத் தெரியும்.

தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள், "அந்தப் பொண்ணு ஏன் மரம் மாதிரி நின்னா?" என்று. மாமியார் கேட்கிறார். இவர் கேட்கவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்க்கிறார். 

உன் அம்மா கொடுத்த கருப்பட்டி அப்படியே இருக்கிறது. கொஞ்ச நாளைக்குக் கடிதம் வேண்டாம்.

சீதாலக்ஷ்மி

*

குழித்துறை,
12-8-1955

சீதைக்கு,

கடிதம் வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் பொறுத்துக்கொள். கேள்வி கேட்டிருக்கிறாய், பதில் சொல்லாமல் இருந்தால் அது வேறுவிதமாகப் போய்விடும்.

கோமு கையை உதறின உடனே நான் எட்டாம் படியில் ஒரு காலை வைத்தேன். கீழே உன் மாமியார் தண்ணீரிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். என் கால் தானாக மேலே வந்துவிட்டது. இறங்காதே என்று நீ எழுதியிருந்தாய், இறங்க மாட்டேன் என்று நான் எழுதியிருந்தேன். அதுதான் அந்த நேரத்தில் என் காலைப் பிடித்தது. அதனால் கூப்பிட்டேன். மூன்று தடவை கூப்பிட்டிருப்பேன். அதற்குள் அம்மிணி பாய்ந்துவிட்டாள்.

உன் ஜூலைக் கடிதத்தை இத்தோடு வைத்துத் திருப்பி அனுப்பலாமா என்று எடுத்தேன். பிறகு பெட்டியில் போட்டுவிட்டேன். சொன்ன சொல்லுக்காக நின்றேன் என்பது காரணம்தான், நியாயம் இல்லை. ஒரு பிள்ளை தண்ணீரைப் பார்த்து ஓடும்போது எந்தச் சொல்லுக்கும் காது கொடுக்கக்கூடாது என்று என் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மிணியின் காலுக்குத் தெரிந்தது.

நீங்கள் எல்லோரும் கோமுவைத் தூக்கிக்கொண்டு ஓடின பிறகு உன் தெரு முனையில் ஒரு மணி நேரம் நின்றேன். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. கடைசியில் அம்மிணிதான் ஈரத் துணி மூட்டையோடு வந்து, "மோளுக்கு ஒண்ணும் இல்ல கேட்டோ, சேச்சி போய்க்கோ" என்றாள். அதன் பிறகுதான் பஸ் ஏறினேன்.

கோமுவுக்காக ஜெபம் பண்ணுகிறேன். அதற்கு உன் அனுமதி கேட்கவில்லை.

எலிசாள்

*

கரமனை,
8-10-1956

அன்புள்ள எலிசா,

பதினாலு மாதம். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கிற வழக்கமான வரிகள் எதுவும் இதற்குப் பொருந்தாது. அதனால் கேட்காமல் ஆரம்பிக்கிறேன்.

போன வியாழக்கிழமை நவராத்திரிச் சாமிகள் இங்கே வந்தன. உங்கள் ஊரில் ஒரு ராத்திரி தங்கி, நெய்யாற்றின்கரையில் ஒரு ராத்திரி தங்கி வருகிறவைதானே. நீ செவ்வாய்க்கிழமையே பார்த்திருப்பாய். யானைமேல் சரஸ்வதி, பல்லக்கில் நங்கையம்மன், எங்கள் கரமனைக்கு வந்ததும் வேளிமலை முருகனைத் தூக்கி வெள்ளிக் குதிரையில் வைக்கிறார்கள். பாலத்தின் இரண்டு கைப்பிடிச் சுவரிலும் ஜனங்கள். வீட்டுக்கு வீடு நிறைநாழியும் விளக்கும். இந்த வருஷம் கூட்டம் அதிகம். நவம்பர் முதல் தேதி முதல் பத்மநாபபுரமும் உங்கள் குழித்துறையும் மதராஸ் ராஜ்யத்துக்குப் போகிறதே, அடுத்த வருஷம் வருமோ வராதோ என்று எல்லோருக்கும் ஒரு சந்தேகம். "சாமிக்குப் பெர்மிட் எழுத ஒரு ஸெக்ஷன் திறப்பா, உன் ஆம்படையானுக்குப் பிரமோஷன் கிடைக்கும்" என்று மாமனார் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண், ஐந்து வயசிருக்கும், ஆற்றை எட்டிப் பார்த்து "ஆழமா இருக்குமா?" என்று கேட்டாள். கோமு பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்: "நான் விழுந்திருக்கேனே. எலிசா மாமி கையை விட்டுட்டா. அவா நம்ம மனுஷா இல்லையோல்லியோ, அதான்."

நான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அவள் காதில் விழும்படி வீட்டில் பதினாலு மாதமாக அதுதான் பேச்சு. யார் வந்தாலும் மாமியார் ஆரம்பத்திலிருந்து சொல்லுவார். சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படியில் இருப்பேன். "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்ல அடுப்படியிலிருந்து கூடத்துக்கு ஆறு தப்படி. நான் வைக்கவில்லை.

உன் ஆகஸ்டுக் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்பதுகூடப் பொய். "ஏன் நின்றாய்" என்று உனக்கு எழுதினபோதே என் உள்ளே ஒரு மூலையில் தெரிந்திருந்தது. அந்த மூலைப் பக்கம் நான் போகவில்லை. உன் கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். இவரிடம்கூடக் காட்டவில்லை. உன்மேல் பழி இருக்கிற வரைக்கும் என்மேல் இல்லை. கோமு இருமும்போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கினேன்.

பாலத்தில் அன்று என்ன நடந்தது என்று எழுதுகிறேன். நாதஸ்வரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கோமு சொன்னதைக் கேட்டு அந்தப் பெண்ணின் அம்மா "ஐயோ, என்ன ஆச்சு?" என்று மாமியார் பக்கம் திரும்பினாள். மாமியார் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"எலிசாள் விடலை. நான்தான் அவளை நிக்கச் சொன்னேன். என்ன வந்தாலும் இறங்காதேன்னு கடிதாசியிலே எழுதினேன். எழுதினபடி அவ நின்னா."

இவ்வளவுதான் சொன்னேன். தலைக்கு மேலே யானை மணி போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேருக்கும் கேட்டது. இவர் கோமுவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இதை ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாமே, சீதா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நேற்று மத்தியானம் கொலுவுக்குச் சுண்டல் வேகவைத்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்தார்.

"நான் உன்கிட்டே அப்படிச் சொன்னேனா?"

"இல்லைம்மா."

"அந்தப் பொண்ணு வராளான்னு கேட்டேன். இலை எத்தனை போடணும்னு கேட்டேன். வேற ஏதாவது கேட்டேனா?"

"இல்லை."

"பின்னே எதுக்கு எழுதினே?"

"நீங்க சொல்லிடுவேளோன்னு."

அவர் தேங்காயைத் துருவினார். பிறகு சொன்னார்: "அன்னிக்கு அவ ஒரு காலைக் கீழே வெச்சா. நான் பாத்தேன். எதுக்கு இறங்கறாள்னு பாத்தேன், அவ்வளவுதான். குழந்தை படியிலே இறங்கி வந்தது என் கண்ணிலே படலை." துருவின தேங்காயை என் பக்கம் தள்ளிவிட்டு, "அவளுக்கு எழுது. என்னைப் பத்தி ஒண்ணும் எழுதாதே" என்று எழுந்து போய்விட்டார். எழுதிவிட்டேன்.

முன்னாடியே கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ, தெரியாது. நீ கீழே வந்தால் முகத்தைச் சுளித்திருக்கவும் கூடும். ஆனால் அவர் சொல்லாததை, சொல்லுவார் என்று வைத்துக்கொண்டு நான் உனக்குச் சொன்னேன். அவரை உனக்குப் பொல்லாதவர் ஆக்கினேன், உன்னை அவருக்குப் பொல்லாதவள் ஆக்கினேன். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நல்லவளாக இருந்தேன்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு அம்மிணி மடிக்காரர்கள் நடுவில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். நாலைந்து பேர்மேல் பட்டிருப்பாள். அவளை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தை மூச்சு விட்டதும் பட்டவர்கள் ஆற்றில் இன்னொரு தடவை முழுகினார்கள், அவ்வளவுதான். ஒரு முழுக்கு. நான் எதற்குப் பயந்து உன்னை மேலே நிற்க வைத்தேனோ, அதன் மொத்த விலை அதுதான்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துவிட்டதாக எழுது என்றும் கேட்கவில்லை. ராஜ்யம் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் இது உனக்குத் தெரிய வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

சீதா

*

குழித்துறை,
11-10-1956

சீதே,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் பிரித்தேன், முடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து முடித்தேன்.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். போகவில்லை. தெரு முனையில் நின்ற அந்த ஒரு மணி நேரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆனால் பதினாலு மாதமாக எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது, நான் தானோ, என் கைதானோ என்று. இந்த வருஷ வாவுபலிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற வேலையை வேறு டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டதற்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்றேன். மழை பெய்துகொண்டிருந்தது. நீ பாலத்தில் நாலு பேர் நடுவில் சொன்னாய் என்று படித்ததும் அந்தச் சந்தேகத்தின் பாரம் பாதி இறங்கியது.

மீதிப் பாதிக்கு ஒன்று கேட்கிறேன். கடிதத்தை மறுபடியும் பார்த்தேன். மாமியாரிடம் சொன்னதை எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக்காரரிடம், அடுத்த வீட்டுக்காரர்களிடம் சொன்னதை எழுதியிருக்கிறாய். கோமுவிடம் சொன்னதாக எங்கும் இல்லை. அப்போது அவள் அப்பா தோளில் இருந்தாள், யானையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். நம்ம மனுஷா இல்லை என்று அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாளா? மற்றவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நான் தூங்குவேன். அவள் அப்படி நினைத்துக்கொண்டு வளர்ந்தால் என்னால் முடியாது. நாலரை வயசுக்குப் புரியாது என்று சொல்லாதே. அதைப் புரிந்துகொண்டவளுக்கு இதுவும் புரியும்.

சாமிகள் திரும்புகிற வழியில் புதன்கிழமை, பதினேழாம் தேதி சாயங்காலம் இங்கே வந்து தங்கும். அன்றைக்குக் குழித்துறையும் கொஞ்சம் பார்க்கும்படி இருக்கும். சொல்லிவிட்டாயானால் அவளைக் கூட்டிக்கொண்டு வா. சொல்லாவிட்டால் வர வேண்டாம்.

எலிசாள்

*

(தபால் கார்டு)

கரமனை,
விஜயதசமி, 14-10-1956

அன்புள்ள எலிசா,

இன்று காலை கோமுவுக்கு அக்ஷராப்யாசம். அரிசியில் எழுதிவிட்டு வந்து பாயசம் குடித்தாள். அதற்கப்புறம் அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். எலிசா மாமி உன்னை விடவில்லை, நீதான் உதறிக்கொண்டு ஓடினாய், மாமி பின்னால் வராதபடிக்கு அம்மாதான் தப்பாகச் சொல்லி வைத்திருந்தேன், மாமி நம்ம மனுஷிதான், இத்தனை நாள் நாம் பேசினதுதான் தப்பு, என்று எல்லாவற்றையும்.

முழுக்கக் கேட்டாள். "அப்போ நீ எங்கேம்மா இருந்தே?" என்று கேட்டாள்.

"தண்ணியிலே நின்னுண்டிருந்தேன். உனக்கு முதுகைக் காட்டிண்டு, கண்ணை மூடிண்டு" என்றேன்.

"கூப்பிட்டது கேக்கலையா?"

"கேக்கலை."

 என் மடியிலிருந்து இறங்கி, வாசலுக்குப் போய் இவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உள்ளே எனக்குக் கேட்கிறது. ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறாள்.

புதன்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறோம். இந்தக் கார்டை நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போடுகிறேன்.

சீதா